இருபத்திரண்டு அம்பு முனைகள்

ஒரு வரைபடத்தில் அம்பு போடுவதற்கு ஐந்து கூட்டம் கூட்டிய ஊர் பூனாவைத் தவிர வேறு எதுவும் இருக்க முடியாது என்று ஸ்ரீரஞ்சனிக்குத் தோன்றியது. ஆறாவது கூட்டத்துக்கு அவள் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாள். ஹடப்சரிலிருந்து கேம்ப் பகுதி வரைக்கும் நின்றபடியே பயணம். தோளில் தொங்கிய நீளக் குழாய்க்குள் வரைபடம் சுருண்டு கிடந்தது. இதற்கும் ஒரு டிக்கெட் எடுக்க வேண்டும் என்று கண்டக்டர் மராத்தியில் வேடிக்கை பேசினார். வேறொரு நாளாக இருந்தால் அவளும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள். இன்றைக்குச் சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளக்கூட அவளால் முடியவில்லை.

விஷயம் இதுதான். பூனா தமிழ் அன்பர் மன்றத்துக்கு இந்த வருஷம் பொன்விழா. வழக்கமான பட்டிமன்றமும் பாட்டுக் கச்சேரியும் போதும் என்று எல்லோரும் சொன்னபோது, செயலாளர் விச்சு மாமா மட்டும் கேட்கவில்லை. ராணுவக் கணக்கு அலுவலகத்தில் முப்பத்தைந்து வருஷம் கோப்பு தள்ளி ஓய்வு பெற்றவர். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் யார் யாரோடு வியாபாரம் செய்தார்கள், யாரிடமிருந்து யாருக்கு என்ன போயிற்று என்று ஒரு கண்காட்சி வைத்தே தீருவது என்று பிடிவாதம் பிடித்தார். தனியாக நடத்த மன்றத்துக்குத் தெம்பு இல்லை. அதனால் கேம்ப்பில் இருந்த ஒரு மராத்தி வரலாற்று ஆர்வலர் குழுவைச் சேர்த்துக்கொண்டார்கள். அதன் தலைவி வைஷாலி, கல்லூரியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவர். கண்காட்சிக்கு நடுநாயகமாக எட்டடி அகலத்தில் ஒரு வரைபடம் வைப்பது, விழா முடிந்ததும் அதைப் பிரதி எடுத்து நாற்பது பள்ளிக்கூடங்களுக்குக் கொடுப்பது என்று முடிவாயிற்று. வரைந்து கொடுக்கும் வேலை ஸ்ரீரஞ்சனியிடம் வந்தது.

அவளைத் தேடி வந்ததற்குக் காரணம் உண்டு. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் அவள் இதே விஷயத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். தக்காணம், தமிழ்நாடு, கடலுக்கு அப்பால் இருந்த நாடுகள், இவர்களுக்குள் நடந்த கொடுக்கல் வாங்கல். மூன்றாவது வருஷம் கணவன் ஜெயந்துக்கு ரஞ்சன்காவ் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது, குடும்பம் இங்கே வந்தது, ப்ரீத்தி பிறந்தாள். ஆராய்ச்சி பரணில் ஏறியது. இப்போது ஹடப்சரில் ஒரு பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்கு வரலாறு எடுக்கிறாள். அந்தப் பாடப் புத்தகத்தில் பழங்கால வணிகத்துக்கு ஒதுக்கியது அரைப் பக்கம், அதிலும் பாதி படம். அவளுக்குத் தெரிந்ததை இந்தப் பதினைந்து வருஷத்தில் ஒருத்தர், ஒரே ஒருத்தர், கேட்டதில்லை. விச்சு மாமா கேட்டார். கேட்டதோடு, படத்தின் அடியில் உன் பெயர் வரும் என்றும் சொன்னார். அதை அவள் ஜெயந்திடம் மூன்று தடவை சொன்னாள். மூன்றாவது தடவை அவன், "சரி சரி, ஃபிரேம் போட்டு மாட்டலாம்" என்றான்.

இரண்டு மாதம் உட்கார்ந்து வரைந்தாள். மொத்தம் பதினோரு கோடுகள். ஒவ்வொரு கோட்டுக்கும் இரண்டு பக்கமும் அம்பு முனை. இதுதான் அவளுடைய ஆராய்ச்சியின் சாரமே. மிளகும் மெல்லிய துணியும் மேற்கே போயின. அதே கப்பலில் திராட்சை மதுவும் தங்கக் காசும் திரும்பி வந்தன. செங்கடல் கரைத் துறைமுகத்தில் தமிழ்ப் பெயர் கீறிய பானை ஓடு கிடைத்தது. மதுரைப் பக்கத்துக் குகைக் கல்வெட்டுகளில் வடக்கேயிருந்து வந்த பிராகிருதச் சொற்கள் இருக்கின்றன. இதோ, பூனாவிலிருந்து மூன்று மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஜுன்னரில், ஒரு யவனர் பௌத்தத் துறவிகளுக்கு இரண்டு தண்ணீர்த் தொட்டி வெட்டிக் கொடுத்ததாகக் கல்வெட்டு இருக்கிறது. வியாபாரத்துக்கு வந்தவர் இங்கிருந்து ஒரு மதத்தை வாங்கிக்கொண்டு இங்கேயே தண்ணீர் கொடுத்திருக்கிறார். இதற்கு ஒற்றை முனை போட்டால் அது பாதிப் பொய்.

முதல் கூட்டத்திலேயே ஆரம்பித்தது. விச்சு மாமா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படத்தை அரைமணி பார்த்தார். பிறகு தமிழ்நாட்டை நோக்கி வந்த முனைகளை ஒவ்வொன்றாகப் பென்சிலால் வட்டமிட்டார். தமிழனுக்கு வெளியிலிருந்து எதுவும் தேவைப்பட்டதில்லை, அவன் கொடுத்துத்தான் பழக்கம் என்று ஒரு சின்னப் பிரசங்கம் செய்தார். நடுவில் போன் வந்தது. மனைவி அபயாம்பாள். "காந்தா ரெண்டு கிலோ, பட்டாட்டா ஒரு கிலோ, ஞாபகம் இருக்கு" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பிரசங்கத்தைத் தொடர்ந்தார். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் தமிழில் சொல்ல மறந்து எத்தனை வருஷமாயிற்றோ, அந்த மனிதர் தமிழன் வாங்கியதே இல்லை என்கிறார். ஸ்ரீரஞ்சனி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இரண்டாவது கூட்டத்தில் வைஷாலியின் முறை. அவர் சத்தம் போடுகிறவர் இல்லை. மெதுவான ஹிந்தியில், சிரித்த முகமாக, தக்காணத்துக்குள் வரும் முனைகளை எடுத்துவிடலாமே என்றார். யவனரின் தொட்டி இருக்கட்டும், ஆனால் அதற்கு அம்பு எதற்கு? தெற்கேயிருந்து வரும் அம்பு எதற்கு?

மூன்றாவது கூட்டத்துக்கு ஸ்ரீரஞ்சனி ஒரு காசின் படத்தைக் கொண்டுபோனாள். சாதவாகன அரசனின் வெள்ளிக் காசு. ஒரு பக்கம் ராஜாவின் முகமும் பிராகிருத எழுத்தும். மறுபக்கம் தமிழோ தமிழுக்கு நெருங்கிய மொழியோ, அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். உள்ளங்கையில் அடங்கும் இந்த ஒரு காசிலேயே இரண்டு நாடும் இருக்கிறதே, இதைப் பார்த்த பிறகாவது ஒப்புக்கொள்வார்கள் என்று நம்பினாள். நம்பியது அவள் தப்பு. மராத்தி ராஜாவே தமிழில் காசு அடிக்கிற அளவுக்கு நம் மொழி மேலே போயிருக்கிறது, ஆகவே வடக்கே போகும் முனை மட்டும் போதும் என்றார் விச்சு மாமா. தமிழ் வியாபாரிகளுக்கும் காசு அடித்துக் கொடுத்தவன் எங்கள் ராஜா, ஆகவே தெற்கே போகும் முனை மட்டும் போதும் என்றார் வைஷாலி. ஆளுக்கொரு பக்கத்தை எடுத்துக்கொண்டு இருவரும் திருப்தியாக உட்கார்ந்துவிட்டார்கள். ராஜாவின் முகத்தைக் காசில் போடும் வழக்கமே மேற்கிலிருந்த சகர்களைப் பார்த்து வந்தது, அவர்கள் கிரேக்கர்களைப் பார்த்துச் செய்தது என்று ஸ்ரீரஞ்சனி சொன்னபோது, அதற்குப் போட்ட முனையை மட்டும் கட்டாயம் எடுத்துவிட வேண்டும் என்று இரண்டு பேரும் சேர்ந்தே சொன்னார்கள். அந்தக் குழு ஒற்றுமையாக எடுத்த முதல் முடிவு அதுதான்.

ஐந்தாவது கூட்டத்தின் முடிவில் படம் இப்படி ஆகியிருந்தது: தமிழ்நாட்டிலிருந்து எல்லாத் திசைக்கும் அம்புகள் போயின. தக்காணத்திலிருந்தும் எல்லாத் திசைக்கும் போயின. எங்கேயும் எதுவும் வந்து சேரவில்லை. எல்லோரும் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். வாங்கிக்கொள்ளத்தான் உலகத்தில் ஆளே இல்லை. மிளகு மூட்டையெல்லாம் நடுக்கடலில் விழுந்திருக்க வேண்டும்.

அன்றைக்குக் கூட்டம் கலைந்த பிறகு படிக்கட்டில் விச்சு மாமா அவளை நிறுத்தினார். அவள் முகத்தில் கோபத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

"ரஞ்சனி, எழுபத்தி நாலுல நான் இங்க வந்தப்போ ஆபீஸ்ல மொத நாள் என்ன சொன்னா தெரியுமோ? எங்க வேலையப் பிடுங்கிக்க வந்துட்டேள்னா. வாடகைக்கு வீடு கேட்டா மதராஸிக்குக் கிடையாதுன்னா. அம்பது வருஷமா வாங்கிக்க வந்தவன்ங்கற பேரோடயே இருந்தாச்சும்மா. ஒரு படத்துலயாவது குடுத்தவனா இருந்துட்டுப் போறேனே."

வைஷாலியும் இதே மாதிரி ஒன்றை முந்தின வாரம் சொல்லியிருந்தார். காசு கிரேக்கர் கொடுத்தது, தூண் பாரசீகர் கொடுத்தது, ரயில் வெள்ளைக்காரன் கொடுத்தது என்று முப்பது வருஷம் பரீட்சைத் தாள் திருத்திச் சலித்துவிட்டதாம். எங்கள் ஜனங்கள் கை நீட்டிக்கொண்டு சும்மாவா உட்கார்ந்திருந்தார்கள் என்று கேட்டார். இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கெட்டவர்களாக இருந்தால் திட்டிவிட்டு வந்திருக்கலாம். இவர்கள் மேல் முழுசாகக் கோபப்படவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

இந்த நிலையில்தான் ஆறாவது கூட்டம். கண்காட்சிக்கு மூன்று நாள் இருந்தது. அதனால் கூட்டம் ஸ்டீபனின் அச்சுக் கடையிலேயே நடந்தது. கேம்ப்பில் பிறந்து வளர்ந்த மூன்றாம் தலைமுறைத் திருநெல்வேலிக்காரன் ஸ்டீபன். பேனரும் கல்யாணப் பத்திரிகையும் அடிக்கிறவன். கம்ப்யூட்டர் முன்னால் நான்கு நாற்காலி போட்டார்கள். விச்சு மாமா ஒரு முனையை எடுக்கச் சொன்னார், எடுத்தான். வைஷாலி வேறொன்றை வைக்கச் சொன்னார், வைத்தான். ஸ்ரீரஞ்சனி இரண்டையும் திருப்பிப் போடச் சொன்னாள், போட்டான். மூன்று மணி வரைக்கும் இதே வேலை. கடையில் ஃபேன் சுற்றியதே தவிரக் காற்று வரவில்லை. கடைசியில் ஸ்டீபன் நாற்காலியைத் திருப்பிக்கொண்டான்.

"அக்கா, நாலு மணிக்குள்ள மிஷின்ல ஏத்தலேன்னா அப்புறம் கண்காட்சி முடிஞ்சுதான் படம் வரும். என்னன்னு ஃபைனலாச் சொல்லிருங்க."

ஸ்ரீரஞ்சனிக்குத் தலை வலித்தது. ப்ரீத்தியை டியூஷனிலிருந்து கூப்பிடப் போக வேண்டும். எட்டடிப் படம் ஒன்று மாட்டப்படாமலே போய்விடும் என்ற பயம் வேறு. அந்தப் பயத்தில்தான் அவள் அதைச் சொன்னாள். எல்லா முனையையும் எடுத்துவிடுங்கள், வெறும் கோடு போதும் என்றாள்.

விச்சு மாமாவின் முகம் மலர்ந்தது. இதைத்தான் தாம் முதலிலிருந்தே சொல்லிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். வைஷாலி அவள் கையைப் பிடித்து, புத்திசாலிப் பெண் என்றார். ஸ்டீபனின் கடையில் ஒரு வழக்கம் உண்டு: கடைசிப் புரூஃபில் படத்துக்குப் பொறுப்பானவர் கையெழுத்துப் போட வேண்டும், போட்டால்தான் அச்சுக்குப் போகும். அவள் போட்டாள். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. அந்தப் பதினோரு கோடும் இனி எதையும் சொல்லாது. யார் என்ன சொல்லச் சொன்னாலும் சொல்லும்.

கண்காட்சி பிரமாதமாக நடந்தது. அதுதான் கொடுமை. சனி ஞாயிறு இரண்டு நாளும் கூட்டம். ஐடி கம்பெனிப் பிள்ளைகள் குடும்பத்தோடு வந்தார்கள், மராத்திப் பள்ளி ஆசிரியர்கள் வந்தார்கள். விச்சு மாமா ஜரிகை வேஷ்டியில் படத்தின் இடப்பக்கம் நின்று, கோட்டின் மேல் குச்சியை வைத்து, தெற்கிலிருந்து வடக்கே இழுத்தார். நம்மிடமிருந்து போனது என்றார். அவர் காபி குடிக்கப் போன இடைவெளியில் வைஷாலி அதே குச்சியை எடுத்து, அதே கோட்டின் மேல், வடக்கிலிருந்து தெற்கே இழுத்தார். நம்மிடமிருந்து போனது என்று மராத்தியில் சொன்னார். இரண்டு பக்கமும் தலையாட்டினார்கள். பல பேர் வந்து ஸ்ரீரஞ்சனியின் கையைக் குலுக்கி, எவ்வளவு தெளிவான படம் என்றார்கள். அடியில் அவள் பெயர் அழகாக அச்சாகியிருந்தது. ஜெயந்த் அதன் பக்கத்தில் அவளை நிறுத்திப் போட்டோ எடுத்தான். அவள் சிரித்தாள். போட்டோவைப் பிறகு பார்த்தபோது, யாரோ மிரட்டிச் சிரிக்க வைத்த மாதிரி இருந்தது.

அன்று இரவே அவள் முடிவு செய்துவிட்டாள். கண்காட்சி போகட்டும். பள்ளிக்கூடங்களுக்குப் போகும் நாற்பது பிரதியிலாவது முனைகள் இருந்தாக வேண்டும். அங்கே குச்சி பிடித்து விளக்க விச்சு மாமாவும் இருக்க மாட்டார், வைஷாலியும் இருக்க மாட்டார். பிள்ளைகளுக்குக் கோடு மட்டும்தான் மிஞ்சும்.

பத்து நாள் கழித்துப் பிரதி எடுக்க மறுபடி ஸ்டீபன் கடையில் கூடினார்கள். ஸ்டீபன் புரூஃபை அவள் முன்னால் வைத்துப் பேனாவை நீட்டினான். அவள் வாங்கவில்லை. இரண்டு முனையும் வந்தால்தான் கையெழுத்துப் போடுவேன் என்றாள். விச்சு மாமா சமாதானம் சொன்னார். இவ்வளவு பேர் பாராட்டிய படத்தை இப்போது ஏன் கெடுக்க வேண்டும் என்றார். மன்றத்துத் தலைவருக்கு அனுப்பி ஒப்புதலும் வாங்கியாயிற்று என்றார். வைஷாலி, அவரவர் குழுவில் மறுபடி கேட்க வேண்டியிருக்கும், அது லேசில் முடியாது என்றார். திரும்பத் திரும்ப அதே பேச்சு. மூன்று மாதமாகப் பேசிய பேச்சு.

கடைசியில் அவளிடம் இருந்ததிலேயே பெரியதை எடுத்து அவள் மேஜை மேல் வைத்தாள்.

"அப்போ என் பேரை எடுத்துடுங்கோ, மாமா. முனை இல்லாத படத்துல என் பேர் வேண்டாம்."

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். மாமா பதறுவார் என்று நினைத்தாள். அப்படியெல்லாம் சொல்லாதே என்பார், வைஷாலியைப் பார்ப்பார், இரண்டு பேரும் இறங்கி வருவார்கள். ஒரு முனையையாவது, ஜுன்னர்த் தொட்டிக்கு மட்டுமாவது, ஒப்புக்கொள்வார்கள். அவள் அந்த அளவுக்குக்கூட இறங்கத் தயாராக இருந்தாள்.

விச்சு மாமா கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். கொஞ்ச நேரம் நிஜமாகவே யோசித்தார்.

"சரி ஸ்டீபன், பேரை எடுத்துடு" என்றார். பிறகு அவள் பக்கம் திரும்பி, பாசமாகவே சொன்னார்: "மனசுல வெச்சுக்காதேம்மா. வேலை நடக்கணுமோல்லியோ."

வைஷாலி தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டீபன் மவுஸில் கையை வைத்துக்கொண்டு ஸ்ரீரஞ்சனியின் முகத்தைப் பார்த்தான். அவள் ஏதாவது சொல்வாள் என்று அவனும் எதிர்பார்த்தான். அவள் திரையில் இருந்த தன் பெயரைப் படித்தாள். அவன் அழுத்தினான். பெயர் போயிற்று. அந்த இடத்தில் பொன்விழாக் குழு என்றுகூடப் போடவில்லை, வெறும் வெள்ளை. புரூஃபில் விச்சு மாமா கையெழுத்துப் போட்டார்.

தன் பெயருக்கு என்ன மதிப்பு என்று இத்தனை நாள் அவளுக்குத் தெரியாமல் இருந்தது. இப்போது தெரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து ஜெயந்திடம் சொன்னாள். அவன் நல்லவன்; ஆறுதலாகத்தான் பேசினான். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் பெயராவது மிஞ்சியிருக்குமே என்றான். அதற்கப்புறம் அன்றைக்கு அவள் அவனோடு பேசவில்லை. பாத்திரம் கழுவும்போது அழுகை வந்தது, யார் மேலென்று சொல்லத் தெரியாத ஆத்திரத்தில் வந்த அழுகை.

மூன்று வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை, பள்ளிக்கூடத்துக்குப் போனால் எட்டாம் வகுப்புச் சுவரில் அந்தப் படம் மாட்டியிருந்தது. நாற்பதில் ஒன்று அவளுடைய பள்ளிக்கே வந்துவிட்டது. தலைமை ஆசிரியை ரோஹிணி ஏக சந்தோஷத்தில் இருந்தார். நல்ல அன்பளிப்பு, இன்றைக்கே இதை வைத்துப் பாடம் எடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். முதல் மணி அடிக்க அரைமணி இருந்தது. அறையில் யாரும் இல்லை. ஸ்ரீரஞ்சனி படத்தின் முன்னால் நின்றாள். இதை வைத்து என்ன பாடம் எடுப்பது? குச்சியை எந்தப் பக்கம் இழுப்பது?

மேஜை டிராயரில் சிவப்பு மார்க்கர் இருந்தது. முதல் முனையைத் தொட்டிக்குப் போட்டாள், ஜுன்னர்ப் பக்கம். பிறகு அதே கோட்டின் மறுமுனை. அதன் பிறகு கை நிற்கவில்லை. நாற்காலி மேல் ஏறி வடக்கே போட்டாள், இறங்கித் தெற்கே போட்டாள். கடலுக்கு அப்பால் எட்டவில்லை. பெஞ்சை இழுத்துப் போட்டு ஏறினாள். அச்சில் இருந்த மாதிரி அழகாக வரவில்லை, சில முனைகள் கோணலாகப் போயின, ஒன்று காக்காய் கால் மாதிரி இருந்தது. பதினோரு கோட்டுக்கு இருபத்திரண்டு முனை. கடைசி முனையைப் போட்டுவிட்டுப் பெஞ்சிலிருந்து இறங்கினபோது மூச்சு வாங்கியது. வாசலில் ரோஹிணி நின்றுகொண்டிருந்தார்.

அவர் முதலில் படத்தைப் பார்த்தார், பிறகு மார்க்கரை. அன்பளிப்பாக வந்த புதுப் படத்தை இப்படிக் கிறுக்கி வைத்திருக்கிறீர்களே, இது என்ன மேடம் என்று ஹிந்தியில் கேட்டார். நாளைக்கு அந்த மன்றத்துக்காரர்கள் வந்து பார்த்தால் நான் என்ன பதில் சொல்வது? எந்த அதிகாரத்தில் இதில் கை வைத்தீர்கள்?

"இத வரைஞ்சதே நான்தான்" என்றாள் ஸ்ரீரஞ்சனி. ஆத்திரத்தில் தமிழில் வந்துவிட்டது. பிறகு அதையே ஹிந்தியில் சொன்னாள்.

ரோஹிணி அவளை நம்பாமல் இல்லை. ஆனாலும் பொறுப்பானவர். படத்துக்குக் கிட்டே வந்து, அடிப்பக்கம் குனிந்து, இடமிருந்து வலமாகத் தேடினார். பிறகு நிமிர்ந்தார்.

"இங்கே உங்கள் பெயர் எதுவும் இல்லையே, மேடம்."

வராந்தாவில் பிள்ளைகள் வரும் சத்தம் கேட்டது. ஸ்ரீரஞ்சனி மார்க்கரின் மூடியை மறுபடி கழற்றினாள். ரோஹிணியைக் கொஞ்சம் விலகிக்கொள்ளச் சொல்லிவிட்டு, தரையில் முழங்காலிட்டு, அந்த வெள்ளை இடத்தில் தன் பெயரை எழுதினாள்.